மேப்பிளுக்கு நஞ்சு வைத்தவர்

லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியிலிருந்து ஒரு காலை போன் வந்தது.

"அண்ணை, மேப்பிளுக்கு நஞ்சு வைச்சாச்சு. கெதியா வாங்கோ."

"ஆர் வைச்சது?"

"என்ர மனுசன்தான்."

ஜேர்மனியில் தோட்ட வேலை பழகி லண்டனுக்கு வந்தவன் நான். மரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய நாட்கள் குறைவு. மரம் வாடினால் வீட்டுக்காரரும் வாடியிருப்பார்கள்.

பின்வளவில் நின்றது ஜப்பானிய மேப்பிள் மரம். மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கிய நாளில் நட்டதாம். ஒரு பக்கம் நல்ல சிவப்பு. மறுபக்கம் இலைகள் சுருண்டு, கொப்பிலேயே காய்ந்து தொங்கின. கணவர் அந்தோனி பெயின்ற் வேலை செய்பவர். பிறஷ் கழுவிய தண்ணீரை மரத்தடியில் ஊற்றினார் என்பது மனைவி றீற்றாவின் குற்றச்சாட்டு. தீர்ப்பும் ஆகி, அவருக்குத் தேத்தண்ணீர் நிறுத்தப்பட்டிருந்தது.

"நான் வேலைக்குப் போற இடத்திலயே கழுவிப்போட்டுத்தான் வாறனான்" என்றார் அந்தோனி, என்னைப் பார்த்து மட்டும்.

வாடிய கொப்பொன்றை அறுத்துப் பட்டையைச் சீவினேன். உள்ளே பழுப்புக் கோடுகள். வேர்ட்டிசிலியம் வாடல். மண்ணிலிருந்து வேர்வழியாக ஏறி, மரத்துக்குள் தண்ணீர் போகும் பாதையை அடைக்கும் பூஞ்சணம் அது. பெயின்ற் தண்ணீர் இப்படிக் கோடு கீறாது.

"இதுக்குப் பக்கத்தில என்ன நடுறனீங்கள், தங்கச்சி?"

"கத்தரி. ஒவ்வொரு வருசமும் வாடிப்போகுது. வீணாக்கக் கூடாதெண்டு பிடுங்கி மேப்பிளடியில பசளையாத் தாட்டுவிடுவன்..."

சொல்லச் சொல்லவே குரல் இறங்கியது. கத்தரியை வாட்டுவதும் இதே பூஞ்சணம்தான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன்.

அந்தோனி இப்போது றீற்றாவை நாலு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான், அதுவும் என்னிடம்.

"மரம் தப்புமோ அண்ணை?"

"இதுக்கு மருந்தில்லை. காய்ஞ்ச கொப்பை வெட்டி, வாளைக் கிருமிநாசினியால துடைச்சு, வடிவாத் தண்ணி விட்டால் தப்பவும் ஏலும். இந்த மண்ணில இனிக் கத்தரி வேண்டாம்."

அடுத்த கோடையில் போனேன். மேப்பிள் ஒரு பக்கம் மொட்டையாக, ஆனால் புதுத் தளிரோடு நின்றது. சுவரோரம் வரிசையாக வெள்ளைப் பெயின்ற் வாளிகள். அடியில் துளை போட்டு, கடையில் வாங்கிய புது மண் நிரப்பி, அந்தோனி வைத்த கத்தரிகள். எல்லாம் காய்த்திருந்தன. வாளிகளை நன்றாகக் கழுவினாரா என்று நான் கேட்கவில்லை, றீற்றா கேட்டிருப்பா. அவ தேத்தண்ணீர் கொண்டுவந்தா. விருந்தாளி நான் இருக்க, முதல் கோப்பை அந்தோனிக்குப் போனது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். வீட்டுக்காரர் ஆளைக் காட்டுவார்கள். நீங்கள் பட்டையைச் சீவிப் பாருங்கள்.