ஜெசிந்தாவின் கையும் நான் இழுத்து நீட்டிய ஸ்பிரிங்கும்

துப்பாக்கி எண்ணெயும் பழைய வேட்டித் துணியும் சேர்ந்தால் ஒரு வாசனை வரும்... எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. கல்யாணமான புதிதில் என் சம்சாரம், வீட்டில் எங்கேயோ மண்ணெண்ணெய் ஒழுகுகிறது என்று மூன்று நாள் ஸ்டவ்வைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தாள்.

துப்பாக்கி பழுது பார்க்கும் ஏட்டாக நான் இருந்த காலம் அது. எந்தப் பிரிவு, எந்த வருஷம் என்று யாரும் கமென்ட்டில் கேட்க வேண்டாம். பென்ஷன் மாதாமாதம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. தாமிரபரணித் தண்ணீர் குடிக்கிற ஊர், அவ்வளவுதான்.

பத்துக்குப் பத்து அறைதான் என் சாம்ராஜ்யம். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடாமல் ஒரு எறும்புகூட உள்ளே வந்து போனது கிடையாது.

அப்பேர்ப்பட்ட சக்கரவர்த்தியை அழவைத்த பொருள் ஒன்றே ஒன்று... சின்ன பிஸ்டலின் ரீகாயில் ஸ்பிரிங்.

சுட்டதும் பின்னால் ஓடுகிற ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் மேல்பாகத்தை, திரும்ப முன்னால் தள்ளி மூடுவது அதுதான். பெரிய பிஸ்டலில் அதற்குக் கை கால் நீட்ட இடமிருக்கும். சின்னதில் அத்தனை அடியையும் குறுகின இடத்துக்குள் வாங்கியாக வேண்டும். அதனால் சீக்கிரம் தளர்ந்துவிடும்.

தளருமே தவிர, உடையாது. பார்வைக்குப் புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கும். எத்தனை தோட்டா சுட்டோம் என்பதை வைத்துத்தான் அதை மாற்ற வேண்டும். கண்ணால் பார்த்து மாற்றுகிற சாமான் இல்லை.

இதை மேலே எழுதி எழுதியே என் வலது கை நாலு அங்குலம் தேய்ந்துபோனது. நான் அனுப்புகிற ஒவ்வொரு காகிதமும் அதே கேள்வியோடு திரும்பி வரும். ஸ்பிரிங் உடைந்துள்ளதா? இல்லை. அப்படியானால் மாற்றத் தேவையில்லை.

உடைந்த பிறகு மாற்றுவதற்கு நான் எதற்கு? பழைய இரும்புக்காரன் போதுமே.

இதில் எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் செய்துவந்த ஒரு திருட்டுத்தனம் உண்டு. வருஷ ஆய்வில் பழைய ஸ்பிரிங்கைப் புதுசு ஒன்றின் பக்கத்தில் வைத்து நீளம் பார்ப்பார்கள். குட்டையாக இருந்தால், ஏட்டு சரியாகப் பராமரிக்கவில்லை என்று குற்றம். அதனால் முந்தின நாளே ஒரு முனையை ஆணியில் மாட்டி, மறுமுனையைக் குறடால் பிடித்து இழுத்து நீட்டிவிடுவோம். நீளம் வந்துவிடும். வலு வராது.

நானும் இழுத்தேன். பாஸும் ஆனது.

அடுத்த வாரம் ரேஞ்சில் ஃபயரிங். அந்த வருஷம் மெய்க்காவல் டூட்டிக்கு ஒரே ஒரு இடம். அதிக மார்க் வாங்குகிறவருக்கு அது. ஜெசிந்தா என்று ஒரு கான்ஸ்டபிள்... கடற்கரை ஊர்க்காரி. சின்ன வயசில் அப்பாவோடு வலை இழுத்த கை அவளுக்கு. ஆறு மாசமாகத் தண்ணீர் நிறைத்த செம்பை நீட்டிய கையில் ஏந்தி நின்று பழகியிருந்தாள். செம்புதான் நடுங்கும், அவள் நடுங்க மாட்டாள்.

முதல் தோட்டா நடுவில் விழுந்தது. இரண்டாவதும். மூன்றாவதுக்கு ஸ்லைடு முழுசாக மூடவில்லை. ஒரு அரிசி அளவு இடைவெளி... கையால் தட்டி மூடினாள். மறுபடியும் அதே கதை. நேரம் முடிந்துவிட்டது.

ஆய்வாளர் நாற்காலியில் சாய்ந்தபடியே தீர்ப்புச் சொன்னார்.

"பொம்பளப் புள்ளைக்கு மணிக்கட்டுல வலு கிடையாது. கை தொய்ஞ்சா இப்படித்தான் நிக்கும். போம்மா, போய் நல்லாச் சாப்புடு."

"நான் இறுக்கித்தான் ஐயா புடிச்சிருந்தேன்."

"அப்ப துப்பாக்கி பொய் சொல்லுதாக்கும்?"

சுற்றி நின்ற ஆம்பிளைச் சிங்கங்கள் சிரித்தன. எனக்கு நெற்றியில் தோசை வார்க்கலாம், அவ்வளவு சூடு.

அப்போதுதான் தரையைப் பார்த்தேன். மற்றவர்கள் வேறு பிஸ்டல்களில் சுட்ட காலித் தோட்டா எல்லாம் நாலடிக்குள் கிடந்தன. அவளுடையது மட்டும் ஆற்றைத் தாண்டி அக்கரையில்... சரி, ஆய்வாளர் நாற்காலியைத் தாண்டிக் கிடந்தது. கை தொய்ந்தால் காலித் தோட்டா வெளியே வரவே சோம்பல்படும். ஸ்பிரிங் தளர்ந்தால்தான் இப்படித் தெறித்து ஓடும்.

பிஸ்டலை வாங்கி, தோட்டாவை எல்லாம் எடுத்துவிட்டு, தோட்டா உட்காருகிற குழி காலி என்று இரண்டு தடவை பார்த்தேன். வானத்தைப் பார்க்கப் பிடித்து, ஸ்லைடை இழுத்துப் பைய விட்டேன். நல்ல ஸ்பிரிங் என்றால் தானாக மேலே தள்ளி மூடிவிடும். இது அரிசி அளவு தூரத்தில் நின்றுகொண்டது.

"இதுல எந்தப் பொம்பள மணிக்கட்டு ஐயா இருக்கு?" என்றேன்.

அவர் முகம் மாறியது. "போன வாரம் ஆய்வுல எப்படிவே பாஸாச்சு?"

"நான்தான் இழுத்து நீட்டி வச்சேன்."

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். "ஏட்டையா, முன்னாலயே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

நான் குனிந்து அவளுடைய காலித் தோட்டாவைப் பொறுக்கினேன்.

வேறு பிஸ்டல் கொடுத்தார்கள். பத்துக்குப் பத்து அடித்தாள். ஆனால் ரூல்படி முதல் தடவை எடுத்த மார்க்தானாம். பாதித் தோட்டாவைப் பொதிகை மலைக்கு அனுப்பிய ஒரு மகாவீரனுக்கு அந்த இடம் போனது. அவள் இன்னும் ஒரு வருஷம் வாசலில் சென்ட்ரி நின்றாள்.

எனக்கு மெமோ வந்தது. அரசு ஸ்பிரிங்கை இழுத்துச் சேதப்படுத்தினேனாம். சேதம் என்று காகிதத்தில் ஏறியதுதான் தாமதம், இருபதே நாளில் புது ஸ்பிரிங் வந்து இறங்கியது. நியாயமாகக் கேட்டபோது வராதது, நான் குற்றவாளி ஆனதும் ஓடி வந்தது.

ஜெசிந்தா இப்போது எஸ்.ஐ. போன வாரம் போனில் பேசினாள். ஸ்பிரிங் இப்போதெல்லாம் பாக்கெட் பாக்கெட்டாக வருகிறதாம். எத்தனை தோட்டாவுக்கு மாற்ற வேண்டும் என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறதாம். நம் காலத்தில் இதற்கு எத்தனை கும்பிடு போட்டோம் என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"அப்போ ஒரு பொம்பளப் புள்ள சுடயில ஸ்லைடு மூடாம நின்னுபோச்சுன்னா, மொதல்ல துப்பாக்கியக் கழட்டிப் பாக்காங்களா?" என்று கேட்டேன்.



"நான் ரேஞ்சுல பக்கத்துல நிக்கிற அன்னைக்குப் பாக்காங்க, ஏட்டையா."