படித்துக் காட்டாத பக்கம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தெட்டில் ராஜபாளையம் மில்லில் வேலை பார்த்தேன். நான் தங்கியிருந்த அண்ணன் வீட்டில் இடமில்லாததால் மனைவியும் மகளும் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாமனார் வீட்டிலேயே இருந்தார்கள். தனி வீடு பார்ப்பதாக அண்ணனிடம் சொல்ல எனக்குக் கூச்சம்.

ஞாயிறுதோறும் போய், நூலகத்தில் எடுத்த ஜப்பான் புத்தகத்தை மனைவிக்குப் படித்துக் காட்டுவேன். அதில் ஒரு சிற்றரசர். அவர் ஒரு வருடம் தலைநகரிலும் ஒரு வருடம் சொந்த ஊரிலும் இருக்கலாம். மனைவி மக்கள் மட்டும் எப்போதும் தலைநகரில் பிணையாக இருக்க வேண்டும். நாட்டை ஆண்ட தளபதியின் உத்தரவு அது.

"அவருக்கு மேலிருந்து உத்தரவு. ஒங்களுக்கு யாரு போட்டா?" என்று மனைவி சிரித்தாள். பஸ்ஸில் அரை மணி நேரத் தூரம்தான்.

கடைசிப் பக்கத்தில் உத்தரவு தளர்ந்து, சிற்றரசரின் மனைவி பல்லக்கில் ஊர் திரும்பினாள். அதைப் படித்தால் இவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். "அம்புட்டுதான் கதை" என்று மூடிவிட்டேன். அதன் பிறகும் நான்கு வருடம் இவள் அங்கேயே இருந்தாள்.

இப்போது ஒரே வீட்டில் இருக்கிறோம். "அந்த மகராசி ஊர் போய்ச் சேந்தாளா?" என்று எப்போதாவது கேட்பாள். தெரியாது என்பேன். சேர்ந்தாள். இன்றிரவு நான் எழுதிய இதை அவளுக்குப் படித்துக் காட்டிவிடுவேன்.

9.11.1997, ஞாயிறு