பேசுறது அவளா, மூளையா

செல்போன்ல வர்ற காலுக்குக் காசு புடிக்கிறத நிறுத்துனாங்க பாருங்க, அந்த வருஷந்தான் எங்க ஊட்டுக்காரி ஃபிலோமின் விழுந்தா. லாஸ்பேட்டைல இருக்குற மவ எனக்கு ஒரு போன் வாங்கித் தந்து நாலு நாள்கூட ஆவல. இருங்க, வேலையச் சொல்லிட்டு வர்றேன்.

நான் ஒரு மெடிக்கல் காலேஜ்ல அனாட்டமி அட்டெண்டர். பள்ளிக்கூடம் போனதில்ல. பாடி கெடாம பார்மலின்ல ஊறப் போடறது, மண்டைய ரம்பத்தால அறுத்து மூளைய முழுசா எடுத்துத் தர்றது, எல்லாம் என் கைதான். என் கைல மூளை கிழிஞ்சதே இல்ல. ஒரே ஒரு தடவ கிழிஞ்சுது, அத விடுங்க.

புதுப் பசங்க வந்தா புரொஃபசர் மூளையத் தூக்கிக் காட்டுவாரு. "இதான்டா ஆளு. மனசு, ஆத்மா எல்லாம் இது செய்யிற வேல. அந்தோணி, முப்பது வருஷமா தொறக்கறியே, ஆத்மாவ எங்கனா பாத்தியா?"

"இல்ல சார்."

பசங்க சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஞாயித்துக்கெழம கோயிலுக்கும் போவேன், அது வேற.

ஃபிலோமினுக்கு மூளைல அடைப்பு. பொழச்சுட்டா. வலது கை வெளங்கல, பேச்சே மாறிப்போச்சு. மொத நாள் சோறு ஊட்டக் குந்துனேன்.

"யோவ், தள்ளிக் குந்துயா. பொண நாத்தம். கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இதே நாத்தம்."

என்னை ஒரு நாளும் யோவ்னு கூப்பிட்டவ இல்ல. மவ பாத்துக்கிட்டு நிக்கிறா. தட்ட அவ கையில குடுத்துட்டு எழுந்துட்டேன்.

மறுநாள் ஸ்கேன் படத்த புரொஃபசர்கிட்ட காட்டுனேன். "முன்பக்கம் அடி வாங்கியிருக்கு. வாய்க்கு அதான் பிரேக்கு. பேசுறது அவங்க இல்லய்யா, மூளை"ன்னாரு.

"மூளைதான் ஆளுன்னு நீங்கதான சொல்லுவீங்க சார்? அப்ப பேசுறது யாரு? பிரேக்கு போச்சுன்னா, வண்டி முன்னாடியே உள்ள ஓடிக்கிட்டுதான இருந்துது?"

"கிளாஸ்ல சொல்றத ஊட்டுக்கு எடுத்துட்டுப் போவாத. போ, வேலையப் பாரு."

எட்டு மாசம் அதே கேள்வியோட கெடந்தேன். முதலியார்பேட்டைல எங்க ஊட்டுக்கு மவ ரெண்டு வேளையும் ஸ்கூட்டர்ல வந்து ஊட்டுவா. நான் அவ படுத்திருக்குற ரூம் வாசப்படியத் தாண்ட மாட்டேன். ஒரு மத்தியானம் உள்ளேர்ந்து ஃபிலோமின் கேட்டா, "அவரு சாப்ட்டாரா?" பழைய கொரலு. இது யாரு பேசுறதுன்னு யோசிச்சுக்கிட்டே நின்னேன். அந்த வாரமே போயிட்டா.

முப்பது வருஷம் மூளையத் தூக்குனவன், எனக்கு இன்னும் தெரியல. உங்க தெருவுல இப்புடி யாராவது படுத்துக்கெடந்து ஏசுனாங்கன்னா, பாத்துக்கறவங்ககிட்ட சொல்லுங்க: யாரு பேசுறதுன்னு அப்பறம் பாத்துக்கலாம், மொதல்ல சோத்த ஊட்டுங்க. அந்தோணி சொன்னான்னு மட்டும் சொல்லாதீங்க. அவன் ஊட்டல.