கல்லாக நின்ற இளவரசனும் கடைசித் தாளும்

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஆலத்தியூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லாரி எடை போடும் இடத்தில் வேலை பார்த்தார். வாரம் முழுக்க அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டு, சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஆண்டிமடம் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு வருவார். லாரிக்கும் லாரிக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில் அவர் மாயாஜாலக் கதை எழுதினார். இது எங்கள் வீட்டைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்தால் எவனும் பெண் கொடுக்க மாட்டான் என்று சொல்லிப் புனைபெயரில் எழுதினார்.

கதை மூன்று பாகம். சுரங்கத்தில் வெட்டுகிற கல்லில் சிப்பியும் நத்தையும் கிடைப்பதைப் பார்த்து அவருக்குத் தோன்றிய கதை. ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது, ஒரு ராத்திரியில் அது கோபித்துக்கொண்டு போய்விட்டது, அதைத் திரும்ப அழைத்து வர ஓர் இளவரசன் கிளம்புகிறான். முதல் பாகத்தில் அவன் ஏழு பூதங்களை அடித்து வீழ்த்தி, கடைசி வரியில் ஒரு குகை வாசலில் கல்லாகிவிடுகிறான். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அரியலூர் அச்சகக்காரர் ஒருவர் நட்புக்காக முதல் இரண்டு பாகத்தையும் போட்டுக் கொடுத்தார். மூன்றாவதுக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். "படிக்கிறவங்க கேக்கட்டும், போடுவோம். யாரும் கேக்காம நான் எதுக்குப் போடணும்?" அவர் இப்படிச் சொன்னதை அம்மா எனக்குச் சொன்னபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சம்பவம் நடந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு.

எங்கள் நூலகத்தில் இரண்டு பாகமும் இருந்தன. அங்கே ஒரு வழக்கம். புத்தகத்தின் கடைசி வெற்றுத் தாளில் "எழுதுவது குற்றம்" என்று முத்திரை குத்தியிருக்கும். அதற்கு நேர் கீழேயே படித்தவர்கள் எல்லாரும் பென்சிலால் அபிப்பிராயம் எழுதுவார்கள். புத்தகம் எடுக்கிறவர்கள் முதலில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். சனிக்கிழமை மதியம் போய் அதைப் பார்த்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வருவது என் வேலை. மாமா தானே போகக் கூச்சப்பட்டார்.

முதல் பாகத்தில் பிரச்சினை இல்லை. 'பிரமாதம்', 'பூதச் சண்டை சூப்பர்' என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். மாமா அதை இரண்டு தரம் படித்துவிட்டு மூன்று தோசை சாப்பிட்டார்.

இரண்டாம் பாகம்தான் வினையாகப் போயிற்று. முதல் பக்கத்தில் கல்லாக நிற்கும் இளவரசன் கடைசிப் பக்கம் வரை கல்லாகவே நின்றான். அவனுடைய தங்கை தனியாகக் கடலைத் தேடி நடந்தாள். பூதம் இல்லை, சண்டை இல்லை. அவள் நடந்தாள், தண்ணீர் கேட்டாள், தூங்கினாள், மறுபடி நடந்தாள். நான் முதன்முதலில் எழுதிக்கொண்டு போன அபிப்பிராயம் இதுதான்: "இந்த ஆளுக்கு எழுத வருமா வராதா?"

மாமா அதைப் படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றார். அவர் போய்ப் படுத்ததும் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஊர்ல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவான். அதையெல்லாம் சொமந்துகிட்டு வரணுமா? கூறு இருக்கா ஒனக்கு?"

எனக்குக் கூறு வந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து நான் பொறுக்கி எடுக்க ஆரம்பித்தேன். 'நன்று', 'நல்ல நடை', 'வாழ்க ஆசிரியர்' என்று ஒற்றை வரிகள் நாலைந்து இருந்தன. அவற்றை மட்டும் எழுதிக்கொண்டேன். திட்டியவர்கள் நீளமாகத் திட்டியிருந்தார்கள். "இருநூறு பக்கமாக நிற்கிறான். காக்காய் எச்சம் போட்டதுதான் மிச்சம். அடுத்த பாகத்திலாவது எழுப்புவாரா இந்த மனுஷன்?" என்று ஒருவர். "இவள் நடந்த நடைக்கு நான் செட்டிகுளம் போய் முருகனைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். மூன்றாம் பாகம் எங்கேய்யா?" என்று இன்னொருவர். படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. மாமாவின் முகம் ஞாபகம் வந்ததும் விட்டுவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை நூலகத்தில் இந்தப் புத்தகத்துக்காகச் சண்டையே நடந்தது. ரிட்டயரான தபால்காரர் ஒருவர் புத்தகத்தை மேஜைமேல் பொத்தென்று போட்டு, "இதெல்லாம் ஒரு கதையா சார்? வீரன கல்லாக்கிட்டு பொம்பளப்புள்ளைய நடக்க விட்டுருக்கான்" என்றார். வரிசையில் அடுத்து நின்றவள் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஓர் அக்கா. கொட்டையின் தோட்டிலிருந்து கசியும் எண்ணெயில் அவள் விரல்கள் கறுத்திருக்கும். அவள் படித்த பக்கங்களின் ஓரத்தில் அந்தக் கறையைப் பார்க்கலாம்.

"நடந்தா என்னாங்க? நாங்கள்லாம் நடக்கலியா? ஒத்தப் பொண்ணா அவ்வளவு தூரம் போவுது, அதுல இல்லாத வீரம் ஒங்க பூதத்துல இருக்கா?"

"அப்ப கதை நல்லாருக்குங்கிறியா?"

"நல்லாருக்குன்னு யாரு சொன்னா? நட்டநடுக் காட்டுல அதை வுட்டுட்டுப் போயிட்டானே, அந்த ஆளு கையில கெடைக்கட்டும், இருக்கு அவனுக்கு."

நூலகர், சண்டை போடுவதென்றால் வெளியே போய்ப் போடுங்கள் என்றார். அக்கா பென்சிலை வாங்கி, கடைசித் தாளில் வெகுநேரம் எழுதிவிட்டுப் போனாள். அவள் போனதும் எடுத்துப் பார்த்தேன்.

"நானும் என் மகளும் மூணு தரம் படிச்சோம். பாதியில் விட்டுப்போக உனக்கு எப்படி மனசு வந்தது? அந்தப் பொண்ணு கடலைப் பார்த்தாளா இல்லையா? மூணாம் பாகம் போடலைன்னா நீ நல்லாவே இருக்க மாட்டே."

மற்றவை திட்டு, இது சாபம். சாபம் பலிக்கும் என்று நான் உறுதியாக நம்பிய வயது அது. பையிலிருந்து ரப்பரை எடுத்து, நூலகர் பார்க்காதபோது, ஒரு எழுத்து விடாமல் அழித்தேன். தாள் மெலிந்து லேசாகக் கிழிந்தும் போயிற்று. மாமாவைக் காப்பாற்றிவிட்ட சந்தோஷத்தில் வீடு வரை ஓடினேன்.

அன்று சாயங்காலம் மாமா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, கை கால் கூடக் கழுவாமல் என் சீட்டை வாங்கினார். நன்று, அருமை, வாழ்க. படித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை.

"மூணாவது பாகம் எப்பன்னு யாராச்சும் கேட்டுருக்காங்களா பாப்பா?"

கேட்டிருந்தார்கள். கேட்டவர்கள் எல்லாருமே திட்டியவர்கள். கேட்டதைச் சொன்னால் காட்டு என்பார், காட்டினால் சாப்பிட மாட்டார். எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை.

"இல்ல மாமா. எல்லாரும் நல்லாருக்குன்னுதான் எழுதிருக்காங்க."

"ஒருத்தரு கூடவா?"

"ஒருத்தரும் இல்ல மாமா."

அவர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "நல்லாருக்குன்னா சரி" என்று சிரித்தார். அன்று இரண்டு தோசை சாப்பிட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த வாரம் அவர் என்னை நூலகத்துக்குப் போகச் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. தலைக்கு மேலிருந்த வேலை ஒன்று ஒழிந்தது என்று நான் விளையாடப் போய்விட்டேன். நன்று என்று எழுதியவர்கள் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போனவர்கள், திட்டியவர்கள்தான் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் என்று அன்றைக்கு எனக்கு யார் சொல்வது?

மழைக்காலம் தொடங்கியபோது மாமா ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பாதிக்கு மேல் காலியாக இருக்கிறது, கணக்குப் போட வைத்துக்கொள் என்றார். முதல் நாற்பது பக்கத்தில் அவருடைய எழுத்தில் மூன்றாம் பாகம் இருந்தது. நாற்பதாம் பக்கத்தின் கடைசி வரியில் இளவரசனின் வலது கைச் சுண்டுவிரல் அசைந்திருந்தது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் நான் ஒரு நீள் வகுத்தல் கணக்கைப் போட்டு, மீதி வராததைப் பார்த்து, சரி என்று நானே டிக் அடித்துக்கொண்டேன்.