பிள்ளையார் முன் நான்கு சீட்டு

இணையத்தளம் உருவாக்கும் வேலையில் பதினெட்டு வருடம் ஓட்டிய ரகுபதிக்கு, நாற்பத்தாறு வயதில் அந்த வேலை போனது. ஒரு நேர்காணலில் ரியாக்ட் தெரியுமா என்றார்கள், அடுத்ததில் பைத்தான், அதற்கடுத்ததில் ஏஐ. எதைத்தான் படித்துத் தொலைப்பது? மூன்று வகுப்புகளில் சேர்ந்து மூன்றையும் பாதியில் விட்டவர், சிங்கப்பூர் காத்தோங் பிள்ளையார் முன் நான்கு சீட்டுகளை எழுதிக் குலுக்கிப் போட்டார். மனைவி இளமதி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

ஜேக்குவரி. அவருக்கு அத்துப்படியான, இப்போது எவனும் சீந்தாத பழைய நிரல் சங்கதி.

“இத ஏங்க எழுதிப் போட்டீங்க? இது மட்டும் தெரிஞ்சதாலதானே வேலையே போச்சு?”

“உனக்குத் தெரிஞ்சதே போதும்டான்னு சாமியாவது சொல்லாதான்னுதான்.”

சாமி சொல்லிவிட்டது. அதைக் கம்பெனிக்காரனிடம் யார் போய்ச் சொல்வது?