பாதி இருக்கென்று காட்டிவிட்டுச் செத்த பற்றரி

பற்றரி மீட்டர் தான் எண்ணிய கணக்கைத்தான் காட்டும், உள்ளே இருப்பதை அது கண்ணால் கண்டதில்லை என்று எனக்கு முதலில் சொன்னவன் என் மூத்த மகன் எட்வின்; போன தவக்காலத்துக்கு முந்தி, கட்டாருக்கு வேலைக்கு வெளிக்கிட்ட கிழமையில். எங்கள் ஊர் தோட்டவெளியில் அவன் நடத்திய பற்றரிக் கடை அன்றோடு என் தலையில் விழுந்தது. நான் படித்தது எட்டாம் வகுப்பு. பற்றரிக்குள் இருக்கும் செல் மாற்றவும் வயர் ஒட்டவும் அவனிடம் பழகியிருந்தேன். மீட்டரைப் பற்றி அவன் சொல்லச் சொல்ல ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டு அவனுடைய பெட்டிக்குள் மிளகாய்த்தூள் அடுக்கிக்கொண்டிருந்தேன். நாற்பது வீதம் காட்டிக்கொண்டே உங்கள் போனும் என்றாவது அணைந்திருக்கும். அப்படி ஏமாந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பாலத்துக் காற்று

என்னைக் கெடுத்தது முதல் வெற்றி. கணக்கு வாத்தியார் ஒருவர் மின்சார ஸ்கூட்டரோடு வந்தார். எங்கள் தீவுக்கு வரும் பாலத்தில் எதிர்காற்றுக்கு முறுக்கினால் மீட்டரில் ஒரு கோடுதான் நிற்குமாம். பசாரில் நிறுத்தித் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால் மூன்று கோடாம்.

மகன் சொன்னதில் மனதில் நின்ற ஒன்றே ஒன்றை ஒப்புவித்தேன்: பாரம் இழுக்கும்போது பற்றரிக்கு மூச்சு வாங்கும், மீட்டர் குறைத்துக் காட்டும், ஆறவிட்டால் சரியாகிவிடும். வாத்தியார் யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்ப நான் தேத்தண்ணி குடிச்சால் ஸ்கூட்டருக்குத் தெம்பு வருது. இதை என்ர மனிசிக்கும் ஒருக்காச் சொல்லிவிடுங்கோ அக்கா.”

ஆறவிடச் சொன்ன பெட்டி

ஸ்கூட்டருக்கு அது சரியாகத்தான் இருந்தது. அதோடு எந்த மீட்டர் பிழை காட்டினாலும் ‘ஆறவிடுங்கோ’ என்பதே என் மருந்தாகிவிட்டது. கீரிக் கரையில் இருந்து கடலுக்குப் போகிற சூசைதாசனின் ஜி.பி.எஸ். பற்றரிப் பெட்டிக்கு நான்தான் செல் மாற்றினேன். பழைய அளவு கிடைக்காமல் கொஞ்சம் சின்னச் செல் போட்டேன். கால்வாசி சார்ஜை இறக்கிப் பார்த்தேன், ஒழுங்காகத்தான் காட்டியது. திரும்ப நிரப்பி, செபம் சொல்லி, மூடியில் சிலுவை அடையாளம் போட்டுக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் வந்து, பாதி இருக்கென்று காட்டும்போதே ஜி.பி.எஸ். ஒருதரம் அணைந்துவிட்டது என்றார். ஆறவிடச் சொன்னேன். அவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு அவர் மனைவி பிலோமினா பெட்டியோடு வந்தாள். பனிப்புகார் மூடிய ஒரு பின்னேரம், மீட்டர் பாதி காட்ட, நடுக்கடலில் ஜி.பி.எஸ். செத்துவிட்டதாம். எங்கள் கடலில் இந்தியாவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு எல்லைக்கோடு இருக்கிறது. தண்ணீரில் அது தெரியாது. தாண்டினால் ஆளையும் போட்டையும் பிடித்து அங்கே மறியலில் அடைத்துவிடுவார்கள். மனிசன் எந்தப் பக்கம் நிற்கிறோமென்று தெரியாமல் நங்கூரத்தைப் போட்டுவிட்டுக் காத்திருந்து, தெரிந்த போட் ஒன்றைக் கண்டு அதன் பின்னால் கரைக்கு வந்திருக்கிறார். இந்தமுறை ஏன் அவர் என்னிடம் வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் கோபமே இல்லாமல் சொன்னாள்: “நீங்கள் செபம் சொல்லிப் பூட்டின பெட்டியாம் அன்ரி. தான்தான் ஏதோ பாவம் செய்திட்டாராம்.”

அடி தெரியாத அரிசி வாளி

அன்றைக்கே மகனுக்கு அழைப்பெடுத்தேன். செல் மாற்றிய பிறகு பெட்டியை ஒருக்கால் என்றாலும் முழுக்க இறக்கினேனா என்று கேட்டான். ஐயோ, நான் எப்படி இறக்குவேன்? என் வீட்டில் அரிசி வாளி அடி தெரிய விட்டதில்லை. பிள்ளைகள் வளர்ந்து பறந்த பிறகும் அப்படித்தான். கடைக்கு வருகிற பற்றரிகளையும் அதே கையால்தான் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் குறைந்தவுடன் சார்ஜரைக் குத்திவிடுவேன்.

செல்தான் புதுசு, மீட்டர் பழசு, அது இன்னும் பழைய பெரிய செல்லின் அளவை வைத்தே எண்ணுகிறது என்று விளங்கப்படுத்தினான். முழுக்க நிரப்பி, ஆறவிட்டு, தானாக நிற்கும் வரை இறக்கி, மறுபடி நிரப்பினால்தான் புது அளவைப் பிடிக்குமாம். நான் இன்னும் தயங்கவே சிரித்துவிட்டான்: “அம்மா, அது சோறு கேக்காது. ஒருக்கால் பட்டினி போடுங்கோ.”

பகலில் எரிந்த பல்ப்

பெட்டியை முழுக்க நிரப்பி, ஆறவிட்டு, அதில் ஒரு பல்பைக் கொளுவி மேசையில் வைத்தேன். கண் மீட்டரில், விரல் செபமாலையில். கை இரண்டுதரம் சார்ஜரை நோக்கிப் போனது. போன கையைத் திருப்பி இழுத்தேன். மீட்டர் பாதியைக் காட்டிக்கொண்டிருக்கவே பல்ப் பொக்கென்று அணைந்தது. சூசைதாசன் நடுக்கடலில் கண்டதை நான் கதிரையில் உட்கார்ந்துகொண்டு கண்டேன். நிரப்பி, இறக்கி, மறுபடி நிரப்பி இறக்கினேன். இந்தமுறை எண் ஒழுங்காகக் குறைந்து, அடிமட்டத்துக்கு வந்த பிறகுதான் பல்ப் அணைந்தது.

சூசைதாசனிடம் நிரப்பிக் கொடுக்கும்போது, இருந்தாலும் கையில் இன்னொரு பற்றரி கொண்டுபோங்கோ என்று சொன்னேன். அவர் கடலுக்குப் போன அன்று பிலோமினாவை விட நான்தான் கூடப் பயந்திருப்பேன். கரையேறின கையோடு நேரே கடைக்கு வந்தார், உடம்பெல்லாம் உப்பு. சொன்னது இவ்வளவுதான்: “மீட்டரில முப்பது வீதம் மிச்சம் இருக்கு அம்மா. முழு நேரமும் எங்கட பக்கம்தான் நிண்டனான்.”

நான் மேசையில் எழுதவேண்டிய பரீட்சையை அந்த மனிசன் கடலில் எழுதவேண்டி வந்துவிட்டது. ஆனபடியால் நான் தந்த மீட்டர் பிழை காட்டினால், மனதுக்குள் வைத்திராமல் கடைக்கு வந்து என்னை ரெண்டு வார்த்தை ஏசிவிட்டுப் போங்கோ.