பருப்பு வேகாத வீடு

நாங்கள் வாங்கிய வீட்டின் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், தண்ணீரைப் பார்த்துத்தான் வீடு வாங்குவோம் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர்கள் நாங்கள்.

எண்பதுகளின் கடைசி அது. அப்பா ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தார். மற்றவர்கள் செய்து அனுப்பும் உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று எழுதுவது அவர் வேலை. ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நான் பிறந்து வளர்ந்ததே அந்தக் குவார்ட்டர்ஸில்தான். அங்கே குழாய் ஒழுகினால் ஒரு நோட்டில் எழுதிப் போட்டால் போதும், ஆள் வந்துவிடுவார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது என்று நாங்கள் யோசித்ததே இல்லை. வெளியில் ஒரு வீடு வாங்க எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று மூன்று பேருக்குமே தெரியாது. தெரியாததால் பட்டியல் போட்டோம்.

போட்டது நான்தான். பாடியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். பட்டியல் என்றால் எனக்குக் கை துறுதுறுக்கும். ஸ்டேஷன் பத்து நிமிஷ நடையில் இருக்க வேண்டும், அது எனக்காக. கிழக்குப் பார்த்த வாசல், மழைத் தண்ணீர் தேங்காத தெரு, லாரி திரும்புகிற அகலத்தில் ரோடு, வில்லங்கமில்லாத பத்திரம், இவை அப்பாவுக்காக. ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். ஒன்றில் தவறினாலும் ரிஜெக்ட் என்று அப்பா அடியில் எழுதினார். உதிரிப் பாகம் நூலளவு பிசகினாலும் விடாத மனுஷர், வீட்டை மட்டும் விடுவாரா?

அம்மாவைக் கேட்கவில்லையா என்றால், கேட்டோம்.

“தண்ணி நல்லாருக்கணும்” என்றாள்.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

‘தண்ணீர்’ என்று கடைசி வரியில் எழுதிக்கொண்டேன். அம்மா வேறு ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் அதற்குள் நோட்டை மூடிவிட்டேன்.

தண்ணீரைச் சோதிக்க அம்மாவிடம் ஒரு வழி இருந்தது. பார்க்கப் போகும் வீட்டிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் கேனில் தண்ணீர் பிடித்து வருவாள். மறுநாள் அதில் ஒரு பிடி துவரம்பருப்பை வேகவைப்பாள். நல்ல தண்ணீர் என்றால் பருப்பு குழைந்துவிடும். உப்புத் தண்ணீர் என்றால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் முழித்துக்கொண்டு நிற்கும். அப்பாவுக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடித்துவிட்டது. அம்மா சொல்லும் முடிவை அவர் மறுபடி சோதிப்பதில்லை. அது அவளுடைய பிரிவு, அவள் கையெழுத்து போட்டால் போட்டதுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் புரோக்கரோடு கிளம்புவோம். திருமுல்லைவாயில், அம்பத்தூர், ஒரு தடவை பூந்தமல்லிப் பக்கம்கூடப் போனோம். வேலிகாத்தான் முள்ளும் கல் நட்ட மனைகளுமாகக் கிடக்கும். நடுவில் புதிதாக வெள்ளையடித்த வீடு ஒன்று தனியாக நிற்கும். எல்லா வரியிலும் மார்க் வாங்கும். மறுநாள் அம்மா, “பருப்பு வேகலைங்க” என்பாள். இப்படியே நாலு வீடு போயிற்று.

“இன்னா சார், பருப்பு வேவலன்னு ஊட்ட வாணான்றீங்க? நான் இந்த லைன்ல இத்தினி வருசமா கீறேன், இப்டி ஒரு கேஸ பாத்ததில்ல” என்றார் புரோக்கர். அப்பா பெருமையாகச் சிரித்தார்.

ஐந்தாவது வீடு அண்ணனூரில். ஸ்டேஷனுக்கு ஐந்து நிமிஷம். எனக்கு அந்த வீட்டின் மேல் உயிர். எந்த ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை என்பதுவரை முடிவு செய்துவிட்டேன். மறுநாள் கம்பெனியில் கரண்ட் போய்விட, மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பருப்பு வெந்ததா என்று பார்க்கிற அவசரத்தில் பின்பக்கமாகவே உள்ளே போனேன். அம்மா அந்தக் கேனைக் கவிழ்த்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுப்பு பற்றவே வைக்கவில்லை.

“அம்மா! அது அண்ணனூர்த் தண்ணிதானே?”

திரும்பிப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு நேரம் இல்லை.

“அப்ப இத்தனை நாளும்?”

“முதல் வீட்டுத் தண்ணில நிஜமாவே வேகலை. அதுக்கப்புறம் வச்சுப் பாக்கலை.”

நான் கத்தினேன். லீவு நாளெல்லாம் வெயிலில் அலைந்த கணக்கைச் சொல்லிக் கத்தினேன். அப்பாவை ஏமாற்றுகிறாயே என்றேன். அம்மா கேனைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்த வீட்டுக்குப் பக்கத்துல யாருடி இருக்காங்க? ரெண்டாள் உயரத்துக்குச் செவுரு, மேல கண்ணாடிச் சில்லு. நீ எட்டு மணிக்குப் போனா ஏழு மணிக்கு வர்றே. நாளைக்குக் கல்யாணம் ஆனா அதுவும் இல்லை. உங்கப்பா ரிட்டயர் ஆனாலும் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு. நான் யாருகூடப் பேசறது?”

“இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா சிரிப்பே. பேச்சுத் துணைக்கு யாராவது வீடு வாங்குவாங்களான்னு கேப்பே. தண்ணின்னா எழுதிப்பீங்க.”

சிரித்துத்தான் இருப்பேன். அதுதான் சுருக்கென்றது.

எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேரெதிரே அடுத்த பிளாக்கின் சமையலறை ஜன்னல். பதினெட்டு வருஷம் அங்கே திருநெல்வேலி அக்கா ஒருவர் இருந்தார். அம்மா தாளிக்கும்போது அவர் கேள்வி கேட்பார், அவர் பாத்திரம் கழுவும்போது இவள் பதில் சொல்வாள். போன வருஷம் அவர் வீட்டுக்காரர் ஓய்வு பெற்று, அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்புறம் வந்த குடும்பம் தூசி வருகிறது என்று ஜன்னலைத் திறப்பதே இல்லை. அன்றிலிருந்து அம்மா ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு சமைத்தாள். காது மந்தமாகிறதோ என்று நானும் அப்பாவும் பேசிக்கொண்டோம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறோம்.

ஆனாலும் என் கோபம் உடனே இறங்கிவிடவில்லை. அண்ணனூர் வீடு கைவிட்டுப் போகிறதே என்று வயிறு எரிந்தது. சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். “வேகலைங்க” என்றாள். நான் நோட்டை எடுத்து, தண்ணீருக்கு நேரே பூஜ்யம் போட்டேன்.

ஆறாவது வீட்டைப் புரோக்கர் வேண்டாவெறுப்பாகத்தான் காட்டினார். திருமுல்லைவாயிலில் உள்ளே தள்ளி, ஸ்டேஷனிலிருந்து இருபத்தைந்து நிமிஷ நடை. மேற்குப் பார்த்த வாசல். தெருவில் லாரி திரும்புவது இருக்கட்டும், ஆட்டோவே யோசித்துத்தான் திரும்பும். பத்திரம் ஒன்றுதான் ஒழுங்கு. அப்பா மொட்டை மாடிக்குப் போய்த் தெருவின் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மாவோடு சமையலறைக்குப் போனேன். ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த வீட்டு ஜன்னல். உள்ளே ஒரு அம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா, ஊடு பாக்க வந்துகினு கீறீங்களா?”

“ஆமாங்க. தண்ணி எப்படி?”

“தண்ணி சுத்த உப்பு. பருப்பு வேவாது, சொல்லிட்டேன். அப்பால என்னியத் திட்டாத. தெருக்கோடி பம்புல நல்ல தண்ணி வரும். காத்தால எனக்குப் புடிக்க சொல்லோ உனுக்கும் ஒரு கொடம் புட்ச்சாறேன். இன்னா, வர்றியா?”

அம்மா சிரித்தாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நகரவில்லை. அந்த அம்மாளின் வீட்டார் இந்த இடம் வயலாக இருந்தபோது நாற்று நட்ட கூலிக்காரர்கள் என்பதும், மகன் இப்போது அம்பத்தூரில் லேத் ஓட்டுகிறான் என்பதும் கால் மணி நேரத்துக்குள் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா மாடியிலிருந்து இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றார். கூப்பிடப் போனவர், கூப்பிடாமல் திரும்பிப் போய்ப் புரோக்கரோடு பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா வாய் ஓயாமல் பேசினாள். வழக்கம்போல் கேனில் தண்ணீரும் பிடித்து வந்திருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் நிஜமாகவே பருப்பு வைத்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு மணி நேரம் கொதித்தது. மத்தால் கடைந்து பார்த்தாள், பருப்பு அசைந்து கொடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. “வெந்துடுச்சுன்னு சொல்லும்மா. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றேன். தினமும் ஐம்பது நிமிஷம் நடக்க வேண்டி வரும் என்பது தெரிந்துதான் சொன்னேன்.

அப்பா சாப்பிட உட்கார்ந்தார். “பருப்பு என்னாச்சு?”

“நல்லா வெந்துடுச்சுங்க” என்றாள் அம்மா.

“அப்படியா? கொஞ்சம் போடு.”

இத்தனை வீட்டில் ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. அம்மாவின் கை கரண்டியிலேயே நின்றது. பிறகு ஒரு கரண்டி போட்டாள். அப்பா சோற்றில் பிசைந்து வாயில் வைத்தார். நறுக்கென்று கடிபட்ட சத்தம் எனக்கே கேட்டது. அவர் நிதானமாக மென்றார். எங்கள் ஜன்னல் வழியே, மூடிக் கிடந்த எதிர் பிளாக் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நோட்டை எடும்மா” என்றார் என்னிடம். எச்சில் கை படாமல் இடது கையால் நோட்டைப் பிடித்துக்கொண்டு, என்னையே எழுதச் சொன்னார்.

“தண்ணீர், பத்துக்குப் பத்து. கீழே பாஸ்னு எழுது.”

எழுதினேன். அப்பா இன்னொரு கரண்டி பருப்பு போடச் சொல்லித் தட்டை அம்மாவிடம் நீட்டினார்.